பந்து மெல்ல வரட்டும்: நடை பழகும் குழந்தைகளுக்கான பந்து விளையாட்டு

ஒன்றரை வயதுப் பேரன் கூடத்தின் நடுவில் நிற்கிறான். நான்கடி தள்ளி நிற்கும் தாத்தா, "பிடிடா தங்கம், பிடி" என்று சொல்லிக்கொண்டே ரப்பர் பந்தைத் தூக்கிப் போடுகிறார். அவர் மெதுவாகத்தான் போடுகிறார். ஆனாலும் பந்து மார்பில் பட்டுக் கீழே விழுந்து உருண்டோடிய பிறகுதான் பேரனின் இரண்டு கைகளும் ஒன்று சேர்கின்றன. இரண்டாம் முறை, பந்து கிளம்புவதற்கு முன்பே அவன் கண்ணை இறுக மூடி முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். மூன்றாம் முறை அம்மாவின் புடவை மறைவைத் தேடிப் போய்விடுகிறான். பெரும்பாலான வீடுகளில் பந்து விளையாட்டு இப்படித்தான் தொடங்குகிறது. "இவனுக்குப் பந்தில் நாட்டமில்லை" என்ற முடிவோடு அன்றே நின்றும் விடுகிறது. அதே தாத்தா தரையில் காலை அகட்டி உட்கார்ந்து அதே பந்தை உருட்டி விட்டிருந்தால், பேரன் அவரை அரைமணி நேரத்துக்கு எழுந்திருக்க விட்டிருக்க மாட்டான்.

ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளுக்குப் பந்து விளையாட்டில் கற்பிக்க வேண்டிய நுணுக்கம் என்று அதிகம் இல்லை. பந்தின் வேகத்தைக் குறைத்துக் கொடுப்பதே பெரியவர்களின் வேலை. பெரிய பந்து, காற்றுக் குறைந்த பந்து, துணிப்பந்து, பாயின்மேல் உருளும் பந்து, கயிற்றில் தொங்கும் பந்து என்று இந்தக் கட்டுரையில் வருபவை எல்லாம் அந்த ஒரே வேலையைச் செய்யும் வெவ்வேறு வழிகள்தாம்.

இதற்கான காரணம் குழந்தையின் உடலமைப்பிலேயே இருக்கிறது. பிறந்த குழந்தையின் தலை அதன் நீளத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இருக்கும். இரண்டு வயதில் அது ஐந்தில் ஒரு பங்காகும். வளர்ந்த மனிதருக்கு ஏழில் அல்லது எட்டில் ஒரு பங்குதான். உச்சியில் இவ்வளவு பாரத்தைச் சுமந்துகொண்டு இரண்டு சின்னப் பாதங்களில் நிற்பது எளிதான காரியமன்று. அதனால்தான் நடை பழகும் குழந்தை கால்களை அகட்டி வைக்கிறது. கைகளைத் தோள் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு, கயிற்றின்மேல் நடப்பவர் கழியைப் பிடிப்பதுபோல அவற்றைப் பயன்படுத்துகிறது. கண் காட்டும் காட்சி, உட்காது தரும் செய்தி, உள்ளங்காலும் மூட்டுகளும் தசைகளும் சொல்லும் உணர்வு ஆகிய மூன்றையும் மூளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால்தான் உடம்பு நிலைகொள்ளும். ஆகவே அந்தப் பருவத்தில் கைகள் சும்மா இருப்பதில்லை, குழந்தையை விழாமல் காக்கும் வேலையில் இருக்கின்றன. அந்த நேரத்தில் பந்தையும் பிடிக்கச் சொன்னால் இரண்டில் ஒன்றைக் குழந்தை கைவிடத்தான் வேண்டும்.

வயதைப் பார்த்து விளையாட்டைத் தேர்ந்தெடுப்பதைவிட நடையைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது நல்லது என்பது என் கருத்து. இந்தியா உட்பட 5 நாடுகளின் குழந்தைகளைக் கவனித்து உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட அளவீட்டின்படி, தனியாக நடக்கத் தொடங்குவது 8.2 மாதத்துக்கும் 17.6 மாதத்துக்கும் இடையில் எப்போது வேண்டுமானாலும் நிகழலாம். ஒன்பது மாத இடைவெளி இது. பக்கத்து வீட்டுக் குழந்தையும் நம் வீட்டுக் குழந்தையும் ஒரே மாதத்தில் பிறந்திருந்தாலும், ஒன்று உதைக்கும் நிலையிலும் மற்றது உட்கார்ந்து உருட்டும் நிலையிலும் இருப்பது முற்றிலும் இயல்பானது.

பந்தும் இடமும்

முதல் பந்து ஒரு தேங்காய் அளவிலிருந்து சிறு பூசணி அளவுக்குள், அதாவது 15 முதல் 20 செ.மீ. குறுக்களவில், எடையில்லாமல் இருக்க வேண்டும். கடற்கரையில் விற்கும் காற்றடைத்த நெகிழிப் பந்து மிகவும் ஏற்றது; அதில் காற்றை முழுதாக அடைக்காமல், விரலால் அழுத்தினால் குழியும் அளவுக்கு விட்டால் இன்னும் நல்லது, ஏனென்றால் குழியும் பந்து துள்ளி ஓடாது, சின்னக் கைகளுக்குப் பிடிமானமும் கிடைக்கும். காசு கொடுத்து வாங்க வேண்டும் என்பதும் இல்லை. பழைய பருத்தி வேட்டியையோ நைந்த புடவையையோ நான்கு விரல் அகலத்தில் நாடா நாடாகக் கிழித்து, நடுவில் துணிக் கந்தலை உருண்டையாக வைத்து, நூல் உருண்டை சுற்றுவதுபோலத் திசை மாற்றி மாற்றிச் சுற்றிக்கொண்டே வந்து, கடைசியில் முனையை உள்ளே செருகி ஊசி நூலால் நான்கு பக்கமும் இறுகத் தைத்துவிட்டால் அருமையான பந்து கிடைக்கும். ஓசை வரட்டும் என்று சலங்கையையோ புளியங்கொட்டையையோ உள்ளே வைத்துத் தைக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. தையல் பிரிந்தால் அவை நேராகக் குழந்தையின் வாய்க்குத்தான் போகும் என்பதால், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

சிறிய பந்துகளைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டும். 4.5 செ.மீ.க்குக் குறைவான குறுக்களவுள்ள எந்தப் பந்தும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் தொண்டையை அடைத்துவிடக் கூடும். மேசைப் பந்தாட்டத்தின் பந்து 4 செ.மீ.தான். பெட்டிக்கடைகளில் கிடைக்கும், தரையில் அடித்தால் கூரை வரை துள்ளும் வண்ண ரப்பர் பந்து அதைவிடச் சிறியது. மூத்த பிள்ளை அதைச் சட்டைப்பையில் வைத்திருந்தால் அதற்கும் ஒரு கண் வேண்டும். பலூன் மெதுவாக மிதப்பதால் பழக்குவதற்கு உகந்ததுபோலத் தோன்றும், ஆனால் வெடித்த பலூனின் துண்டு மூச்சுக்குழாயை ஒட்டி அடைத்துக்கொள்ளும் தன்மையுடையது. எனவே இந்த வயதில் அது வேண்டவே வேண்டாம். உள்ளே விளக்கு மின்னும் பந்துகளில் பொத்தான் அளவு மின்கலம் இருக்கும். அதை விழுங்கினால் உணவுக்குழாய் சில மணி நேரத்திலேயே வெந்துபோகும் என்பதால், மூடி திருகாணியால் இறுக்கப்படாத பந்தை வீட்டுக்குள் விடாதீர்கள்.

குழந்தை வெறுங்காலோடு விளையாடட்டும். உள்ளங்கால் தரையைத் தொட்டால்தான் உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்ற செய்தி மூளைக்குத் தெளிவாகப் போய்ச் சேரும். காலுறையோடு டைல்ஸ் தரையில் விடுவது வழுக்கி விழ வழி செய்வதாகும். ஒரு கோரைப்பாயை விரித்துவிட்டால் பந்தின் வேகமும் குறையும். மாடிப்படியின் தலைப்பு, தண்ணீர் நிரம்பிய வாளி, தெருவைப் பார்த்துத் திறந்திருக்கும் வாசற்கதவு ஆகிய மூன்றையும் விளையாட்டு தொடங்குவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள், ஏனெனில் பந்து போகும் இடமெல்லாம் குழந்தையும் போகும்.

உருட்டுதல்

குழந்தைக்கு எதிரே தரையில் உட்காருங்கள். உங்கள் கால்களையும் குழந்தையின் கால்களையும் அகட்டி, நான்கு உள்ளங்கால்களும் ஒன்றையொன்று தொடும்படி வைத்துக்கொண்டால், நடுவில் பாத்தி கட்டியதுபோல ஓர் இடம் அமையும். பந்து அதைவிட்டு வெளியே ஓடாது. அதற்குள்ளேயே பந்தை மெல்ல உருட்டுங்கள். உருட்டும் ஒவ்வொரு முறையும் "வருது... வருது... வந்தாச்சு" என்று ஒரே மாதிரியாகச் சொல்லுங்கள். அந்தச் சொற்களின் நீளத்தைக் கொண்டே பந்து எப்போது வந்து சேரும் என்று குழந்தை கணிக்கத் தொடங்கும். நான்கைந்து நாள்களில், "வந்தாச்சு" என்று நீங்கள் சொல்வதற்குச் சற்று முன்பே கைகள் முன்னால் நீள்வதைக் காண்பீர்கள். வரப்போகும் பந்துக்காகக் கை முன்கூட்டியே ஆயத்தமாகிறது என்பதுதான் கண்ணும் கையும் ஒருங்கிணைவதன் முதல் அடையாளம்.

பந்து தன்னிடம் வந்ததும் குழந்தை உடனே திருப்பி உருட்டாது. கட்டிப்பிடிக்கும், நக்கிப் பார்க்கும், தலைக்கு மேல் தூக்கும். "இங்கே போடு, அம்மாவிடம் போடு" என்று விரட்டாமல் காத்திருங்கள். கையில் பிடித்ததை விரும்பிய நேரத்தில் விடுவிப்பது அந்த வயதில் தனியாகக் கற்க வேண்டிய ஒரு திறன். பிடிப்பது பிறவியிலேயே வருவது, விடுவது பழகினால்தான் வரும்.

இது கைவந்த பிறகு, பந்தைக் குழந்தையின் வலப்பக்கமாக ஒருமுறையும் இடப்பக்கமாக ஒருமுறையும் உருட்டுங்கள். பக்கவாட்டில் போகும் பந்தை எடுக்கக் குழந்தை இடுப்பைத் திருப்பி, ஒரு கையைத் தரையில் ஊன்றி, மறு கையை உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டி நீட்டும். உட்கார்ந்த இடத்திலேயே கிடைக்கும் நல்ல சமநிலைப் பயிற்சி இது. நாற்காலிக் கால்களுக்கு இடையே பந்தை உருட்டி, மறைந்து மறுபக்கம் வெளிவரச் செய்வதும், ஒரு பலகையைத் தலையணைமேல் சாய்த்து வைத்து அதன்மேலிருந்து பந்தை விடச் சொல்வதும் இதன் நீட்சிதாம். பலகை விளையாட்டில் ஒரு கூடுதல் நன்மை உண்டு. சாய்வை உயர்த்தினால் பந்து விரையும், தாழ்த்தினால் தயங்கும் என்பதைக் குழந்தை தானாகவே கண்டுபிடிக்கும்.

துரத்துதல், குந்துதல், சுமத்தல்

எங்கள் குடியிருப்பில் மாலை வேளையில் நான்கைந்து குழந்தைகளுக்கு விளையாட்டுக் காட்டுவது என் வழக்கம். அவர்களில் பதினாறு மாதப் பெண் குழந்தை ஒன்று பந்தை எடுக்கப் போவதை ஒருநாள் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்தின் அருகில் வந்தும் அவளால் நிற்க முடியவில்லை. பெருவிரல் பந்தைத் தட்டிவிட, அது இரண்டடி தள்ளிப் போயிற்று. மறுபடியும் தொடர்ந்தாள். இம்முறை ஒரு முழம் முன்னதாகவே நின்று, கைகளைத் தொடையில் ஊன்றி, முழங்காலைப் பாதி மடக்கினாள். அவ்வளவில் சாய்ந்து பின்பக்கமாக உட்கார்ந்தும்விட்டாள். அழவில்லை. உட்கார்ந்தபடியே பந்தை வயிற்றோடு அணைத்து எடுத்து, எழுவதற்குக் கை வேண்டியிருந்ததால் அதைக் கீழே வைத்து, இரண்டு கைகளையும் தரையில் ஊன்றி, இடுப்பை முதலில் உயர்த்தி எழுந்து, பிறகு மீண்டும் குனிந்தாள். இந்த முறை விழவில்லை. இவ்வளவும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது. அந்த நிமிடத்தில் நாங்கள் யாராவது ஓடிப்போய்ப் பந்தை எடுத்து அவள் கையில் கொடுத்திருந்தால், அத்தனை பயிற்சியும் அவளுக்குக் கிடைக்காமலே போயிருக்கும்.

ஆகவே ஓடிப்போன பந்தைக் குழந்தையே எடுக்கட்டும். நின்று, குந்தி, எடுத்து, எழும் இந்த வட்டம் கால் தசைகளுக்கும் சமநிலைக்கும் மிகச் சிறந்தது என்றே நான் கருதுகிறேன். எறிவதும் உதைப்பதும் பிறகு வருபவை. முதலில் அசையாமல் கிடக்கும் பந்தை எடுக்க வையுங்கள், அடுத்து மெல்ல உருளும் பந்தை. பந்துக்கு முன்னால் நிற்கப் பழகுவதே ஒரு தனிப் பாடம். நடக்கத் தெரிந்த குழந்தைக்கு நிற்கத் தெரிவதற்குச் சில வாரங்கள் பிடிக்கும்.

அடுத்தது சுமத்தல். இரண்டு கைகளாலும் பெரிய பந்து ஒன்றைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது, விழாமல் காத்துவந்த கைகள் வேறு வேலைக்குப் போய்விடுகின்றன. இடுப்பும் கால்களும் மட்டுமே உடம்பை நிறுத்தியாக வேண்டும். பந்து பெரிதானால் தன் பாதமும் கண்ணுக்குத் தெரியாது. கூடத்தின் ஒரு மூலையில் அன்னக்கூடையில் ஐந்தாறு பந்துகளை வைத்து, மறு மூலையில் காலிக் கூடை ஒன்றை வைத்துவிடுங்கள். இங்கிருந்து அங்கே கொண்டுபோய்ப் போடுவது பெரியவர்களுக்கு அலுப்பூட்டும் வேலை, ஆனால் ஒன்றரை வயதுக் குழந்தை அதைச் சலிக்காமல் செய்யும். ஒரு வாரம் கழித்து வழியில் மடித்த போர்வையைக் குறுக்கே போடுங்கள். பின்னர் ஒரு மெத்தையைப் போடுங்கள். மெத்தையில் பாதம் புதையும்போது கணுக்கால் ஒவ்வோர் அடியிலும் தன்னைத் திருத்திக்கொள்வதை அருகில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும்.

நம் பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் குழந்தையின் பருவங்களை அடுக்கிய முறை இங்கே நினைவுக்கு வருகிறது. ஐந்தாம் மாதத்தில் தலைநிமிர்த்தி ஆடும் செங்கீரை, ஒன்பதாம் மாதத்தில் கைகொட்டும் சப்பாணி, ஓராண்டு நிறையும்போது தளர்நடையிட்டு வரும் வருகை என்று அவர்கள் உடம்பு தேறும் வரிசையிலேயே பாடினார்கள். சிறுபறை கொட்டுவதையும் சிறுதேர் உருட்டுவதையும் நடை வந்த பிறகே வைத்தார்கள்.

எறிதல், உதைத்தல்

எறியத் தொடங்கும் குழந்தை பந்தை உரிய நேரத்தில் விடுவதில்லை. சீக்கிரம் விட்டால் அது முதுகுக்குப் பின்னால் விழும், தாமதித்தால் காலடியில் விழும். முழங்கையை இப்படி வை, காலை அப்படி வை என்று திருத்துவதால் பயனில்லை; நூறு முறை எறிந்தால் அது தானே சரியாகும். நூறு முறை எறிய ஏதுவாக, செய்தித்தாளைக் கசக்கிய உருண்டைகளும் பழைய காலுறைகளை மடித்த உருண்டைகளும் கைவசம் இருக்கட்டும். வாளியைக் காலடியிலேயே வைத்துத் தொடங்கி, மூன்று முறை விழுந்த பிறகு ஒரு சாண் தள்ளி வையுங்கள். கொடியில் காயும் போர்வையை இலக்காக வைத்தாலும் நல்லதுதான், அவ்வளவு பெரிய இலக்கு தவறவே தவறாது. எறிவது சுவையாகிவிட்டால் தட்டும் டம்ளரும் கூடப் பறக்கத் தொடங்கும். அப்போது அடக்கி உட்கார வைக்காமல், "தட்டை எறியக் கூடாது, பந்தை எறியலாம்" என்று சொல்லிப் பந்தைக் கையில் கொடுங்கள். இடக்கையால் எறிந்தால் வலக்கைக்கு மாற்றி விடாதீர்கள். எந்தக் கை தன் கை என்று குழந்தையே தேர்ந்துகொள்ள இன்னும் காலம் இருக்கிறது.

உதைப்பதற்கு ஒரு கணமாவது ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். அதனால்தான் ஒன்றரை வயதில் குழந்தைகள் பந்தை உதைப்பதில்லை, பந்தின்மீது நடந்து மோதுகிறார்கள். அதையும் உதையாகவே ஏற்றுக்கொள்ளுங்கள். இரண்டு வயதையொட்டி, காலைப் பின்னே இழுக்காமல் முன்னே நீட்டித் தள்ளும் உதை வரும். அசையாமல் கிடக்கும் எடையற்ற பந்தே இதற்கு வேண்டும். காற்று இறுக அடைத்த கால்பந்து பிஞ்சு விரல்களுக்கு வலியைத்தான் தரும். முதலில் உங்கள் ஒரு விரலை மட்டும் பிடித்துக்கொள்ளக் கொடுத்து, ஒரு பாதத்தைப் பந்தின்மேல் வைத்து எடுக்கப் பழக்குங்கள், பிறகு மறு பாதம். விரலை இறுகப் பற்றுவது குறைந்து வெறுமனே தொட்டுக்கொண்டிருப்பதாக மாறும்போது விரலை எடுத்துவிடலாம். காலியான தண்ணீர்ப் பாட்டில்கள் நான்கைச் சுவரோரம் நிறுத்தி, அவற்றை நோக்கி உதைக்கச் சொன்னால், அவை சரியும் ஓசையே குழந்தைக்குப் போதுமான பரிசு.

பிடித்தல் கடைசியில்

அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் பெற்றோருக்காக வெளியிடும் வளர்ச்சிப் பட்டியலில் பந்தை உதைப்பது இரண்டு வயதிலும், பெரிய பந்தைப் பெரும்பாலும் பிடித்துவிடுவது நான்கு வயதிலும் வைக்கப்பட்டிருக்கின்றன. நடுவில் முழுதாக இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன. அந்தத் தாத்தா ஒன்றரை வயதில் கேட்டது நான்கு வயதின் திறனை.

பந்தைக் குழந்தையின் நீட்டிய கைகளின்மேல் வைப்பதிலிருந்து தொடங்குங்கள். பிறகு ஒரு சாண் உயரத்திலிருந்து அந்தக் கைகளுக்குள் விழ விடுங்கள்; குழந்தை அதை மார்போடு அணைத்துக்கொள்ளும். அணைப்பதே முதல் பிடி, விரல்களால் பிடிப்பது வெகுநாள் கழித்து வருவது. ஒரு துப்பட்டாவை மேலே வீசினால் அது தயங்கித் தயங்கி இறங்கும். பந்துக்குப் பயந்து கண்ணை மூடும் குழந்தைகளுக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு வழியும் உண்டு. தூளி கட்டிய கொக்கி பல வீடுகளின் உத்தரத்தில் சும்மா இருக்கும். துணிப்பந்தை ஒரு வலைப்பையில் போட்டு, அந்தக் கொக்கியிலிருந்து குழந்தையின் மார்பு உயரத்துக்குத் தொங்கவிட்டு, லேசாகத் தள்ளுங்கள். நீளக் கயிற்றில் ஆடும் பந்து நிதானமாகப் போகும், போன வழியிலேயே திரும்பி வரும். தவறவிட்டால் தேடி ஓட வேண்டியதில்லை. அடுத்த ஆட்டத்தில் மறுபடியும் கைக்கு வரும். குழந்தை இரண்டு உள்ளங்கைகளாலும் அதைத் தள்ளும், நிறுத்தும், சில வாரங்களில் வருவதற்குக் காத்திருந்து பற்றும். விளையாடி முடிந்ததும் கயிற்றை அவிழ்த்து எட்டாத உயரத்தில் வைத்துவிட வேண்டும். தொங்கும் கயிறு கழுத்தில் சுற்றிக்கொள்ளும் ஆபத்து இருப்பதால், ஒரு நிமிடம்கூடக் குழந்தையை அதனோடு தனியே விடக் கூடாது.

எவ்வளவு நேரம், எப்போது மருத்துவர்

ஒரு முறைக்கு ஐந்து முதல் பத்து நிமிடங்கள் போதும். ஒன்று, இரண்டு வயதுக் குழந்தைகள் நாள் முழுதும் சிறிது சிறிதாகச் சேர்த்து 180 நிமிடங்களாவது உடலை அசைத்து விளையாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வழிகாட்டியது. நடப்பதும் ஏறுவதும் பந்தைத் துரத்துவதும் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். குழந்தை பந்தைப் போட்டுவிட்டுப் போனால் விளையாட்டு முடிந்தது என்று பொருள். மறுநாள் தொடரலாம்.

சில அறிகுறிகளைக் கண்டால் மட்டும் காத்திருக்க வேண்டாம். பதினெட்டு மாதம் முடிந்தும் தனியே நடக்காதது, ஒரு வயதுக்கு முன்பே எப்போதும் ஒரே கையை மட்டும் நீட்டி மறு கையைப் பயன்படுத்தாதது, எந்நேரமும் நுனிக்காலிலேயே நடப்பது, உருளும் பந்தைக் கண்கள் பின்தொடராதது, நேற்று வரை செய்த ஒன்றை இன்று செய்ய இயலாமல் போவது ஆகியவற்றில் எதைக் கண்டாலும் குழந்தைநல மருத்துவரைப் பாருங்கள். அங்கன்வாடிப் பணியாளரிடமோ கிராம செவிலியரிடமோ சொன்னாலும், வளர்ச்சித் தாமதத்தைக் கண்டறியும் அரசு மையத்துக்கு வழிகாட்டுவார்கள். போகும்போது, குழந்தை வீட்டில் பந்தோடு விளையாடுவதை இரண்டு நிமிடம் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு போங்கள். முகம் மட்டுமன்றிப் பாதமும் தெரியும்படி, தரையோடு ஒட்டிய உயரத்திலிருந்து எடுங்கள். மருத்துவமனையில் புது முகங்களைக் கண்டு குழந்தை இடுப்பைவிட்டு இறங்க மறுத்தாலும், அது எப்படிக் குந்துகிறது, எந்தக் கையை ஊன்றி எழுகிறது என்பதை மருத்துவர் அந்தப் படத்தில் பார்த்துக்கொள்வார்.